நீல ஜாக்கெட்டில் ஒரு மஞ்சள் பொட்டு

அக்‌ஷயாவின் வீட்டில் அன்று மாலை வெங்காயத்தைப் பற்றித்தான் கதை.

"வெங்காயம் மாதிரி உடுத்துக்கொண்டு வரட்டாம். டீச்சர் சொன்னவ," என்றாள் அக்‌ஷயா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "வெங்காயம் மாதிரியோ? அப்ப கிட்ட வாற ஆக்கள் எல்லாம் அழப்போகினம்."

"இல்லை அப்பா. ஒண்டுக்கு மேல ஒண்டாப் போடுறது. உள்ளுக்கு மெல்லிசு, நடுவில கம்பளி, வெளியில தண்ணி ஒட்டாத ஜாக்கெட்."

அக்‌ஷயா சுவிசில் உள்ள லாங்கன்தாலில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை அவளுடைய வகுப்பு முழுவதும் எங்கடின் பள்ளத்தாக்குக்குப் பனிச்சறுக்கு முகாமுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை வரை அங்கேதான். சறுக்குக் கட்டைகளும் சப்பாத்தும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். உடுப்பு மட்டும் அவரவர் கொண்டு போக வேண்டும்.

வெங்காயத்தின் உள்தோல்களுக்கு வீட்டில் பஞ்சமில்லை. மெல்லிய உள்சட்டைகள் இருந்தன. அப்பாவின் கம்பளிச் சட்டையை அம்மா ஒருநாள் தவறுதலாகச் சுடுதண்ணீரில் துவைத்துவிட்டார். அது சுருங்கிச் சுருங்கி, இப்போது அக்‌ஷயாவுக்கென்றே பின்னியது போல இருந்தது. அப்பா அதை ஏக்கத்தோடு பார்த்தார். மழைக் காற்சட்டைக்குள் தடித்த காற்சட்டை ஒன்றைப் போட்டால் கால்களுக்கும் கவலையில்லை.

இல்லாதது வெளித்தோல் ஒன்றுதான்.

சனிக்கிழமை அம்மாவும் அவளும் கடைக்குப் போனார்கள். மலிவான ஜாக்கெட் ஒன்று இருந்தது. அதன் துணி மிகவும் மெல்லிசு. போட்டுப் பார்க்கும்போதே இழுத்துப் பூட்டுகிற சிப் பாதியில் நின்றுவிட்டது. நல்ல ஜாக்கெட் ஒன்றும் இருந்தது. அம்மா அதன் விலைத்துண்டைப் பார்த்தார். பிறகு, மறுபக்கத்திலாவது குறைத்துப் போட்டிருப்பார்களோ என்பது போலத் திருப்பிப் பார்த்தார்.

"வாங்குவம். என்ர பிள்ளை குளிரில நடுங்கக் கூடாது," என்றார்.

அக்‌ஷயா கண்ணாடியில் தன் கைகளை நீட்டிப் பார்த்தாள். "அம்மா, இது முகாமுக்கு மட்டும்தானே. அடுத்த குளிருக்கு என்ர கை வெளியில வந்திடும். கீழ்வீட்டு நீனாவுக்கு ஒரு ஜாக்கெட் இருக்கு. அவ வளந்திட்டா. அது சும்மா தொங்குது. கேட்டால் தருவா."

அம்மாவின் முகம் மாறியது. "வேண்டாம்," என்றார். அந்த ஒரு சொல்லோடு கடையை விட்டே வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா காரணத்தைச் சொன்னார். அவருடைய பெயர் சிவமலர். அக்‌ஷயாவின் வயதில் அவர் தன் அப்பா அம்மாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து சுவிசுக்கு வந்தவர். அகதி முகாமில் யாரோ ஒரு மூட்டை உடுப்புக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ஒரு பச்சைக் கோட்டு அவருக்குச் சரியாக இருந்தது.

"ஆசையாப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனன். வகுப்பில ஒரு பிள்ளை எழும்பி நிண்டு, அது என்ர கோட்டு எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னாள். எல்லாரும் திரும்பிப் பாத்தினம்."

"பிறகு?"

"கோட்டை அங்கேயே கொழுவிப்போட்டு, பனிக்குள்ள நடந்து வீட்டை வந்தனான். நீனாவும் உன்ர வகுப்புத்தானே. அவளும் அப்பிடிச் சொன்னால் நீ என்ன செய்வாய்?"

அக்‌ஷயாவுக்கு அப்படிச் சொன்ன பிள்ளையின் மேல் கோபம் வந்தது.

"அம்மா, உங்களுக்கு அந்தக் கோட்டு ஆரின்ரை எண்டு தெரியாது. நான் நீனாவிட்டப் போய் என்ர வாயால கேட்டு வாங்குறன். அது வேற தானே? அதோட எனக்கு அது புதுசுதானே."

வீட்டு வாசலில் அம்மா திறப்பைத் தேடி எடுத்தார்.

"சரி, கேட்டு வாங்கு. ஆனால் வாங்கின மாதிரியே திருப்பிக் குடுக்க வேணும். ஒரு பொட்டுக் கறை இருக்கக் கூடாது."

அக்‌ஷயா போய்க் கேட்டதும் நீனாவுக்கு ஒரே சந்தோஷம், ஜாக்கெட்டை உடனே எடுத்துக் கொடுத்தாள். வெளிர்நீல நிறம், கை நுனியில் வெள்ளைப் பின்னல் பட்டி. முதலில் அது நீனாவின் பெரியம்மா மகளுடையது, பிறகு நீனாவுடையது. அடுத்த குளிருக்கு அவளுடைய தம்பி லூக்காவுக்குப் போகும்.

"அந்த வெள்ளைப் பட்டி பந்தய வீரர்கள் போடுவது போல இருக்கிறதாம். ஒரு வருடமாக அவன் அதற்காகக் காத்திருக்கிறான்," என்றாள் நீனா. இருவரும் எப்போதும் சுவிஸ் ஜெர்மன் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை காலை ஜாக்கெட்டைப் போட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு அக்‌ஷயா வாசலில் நின்றாள். அம்மா குசினியிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். உள்ளே குழைத்த மஞ்சள். அவர்கள் வீட்டில் எந்தப் புது உடுப்புக்கும் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்த பிறகுதான் வெளியே போட்டுக்கொண்டு போவார்கள். போடுகிற பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக.

"அம்மா, கறை இருக்கக் கூடாது எண்டு நீங்கதானே சொன்னனீங்க."

"உனக்குப் புதுசு எண்டு நீதானே சொன்னனீ. கீழ் ஓரத்தில கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிறன். வந்ததும் துடைச்சு விடுவம்."

அம்மா விரலால் தொட்டு வைத்தார். மழையே ஒட்டாத துணியில் மஞ்சள் ஒட்டுமா? பொட்டு உருண்டு துளியாகி, துள்ளிக்கொண்டு இறங்கியது. கீழே விழப்போன துளியை அக்‌ஷயா கையை நீட்டிப் பிடித்தாள். உள்ளங்கை தவறவிட்டதை வெள்ளைப் பட்டி பிடித்துக்கொண்டது.

வழியனுப்ப வந்த அப்பாவோடு மூவரும் அந்தப் பட்டியையே பார்த்தார்கள்.

"தண்ணி ஒட்டாத ஜாக்கெட் எண்டது உண்மைதான்," என்றார் அப்பா. "மஞ்சளுக்குத் தண்ணி கூடிப்போச்சு."

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "இனி என்ன செய்யிறது? கடையில புதுசா ஒண்டு வாங்கித்தான் அவைக்குக் குடுக்க வேணும்."

"வாங்காதேங்கோ அம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கோ. நான் பாக்கிறன்."

அம்மா உடுப்புச் சவர்க்காரத்தில் ஒரு துண்டை வெட்டி அவளுடைய பையில் போட்டார். அதற்கு மேல் நிற்க நேரமில்லை.

ரயில் மாறி ரயில் ஏறி, கடைசியில் சிவப்பு மலை ரயிலில் போனார்கள். பெட்டிக்குள் நல்ல சூடு. எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டார்கள். அக்‌ஷயா மட்டும் ஜாக்கெட்டும் கையுறையுமாக வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இங்கேயும் குளிருகிறதா?" என்று கேட்டாள் நீனா.

"கொஞ்சம்," என்றாள் அக்‌ஷயா, நெற்றி வேர்வையைத் துடைத்தபடி.

அன்று மாலை அவள் யாருக்கும் தெரியாமல் கழுவும் அறைக்குப் போனாள். பட்டியை நனைத்துச் சவர்க்காரத்தைத் தேய்த்தாள். மஞ்சள் போகவில்லை. அது சிவப்பாக மாறிவிட்டது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நீனா பல் துலக்க வந்திருந்தாள்.

"ஐயோ, கையில் ரத்தம். இரு, டீச்சரைக் கூப்பிடுகிறேன்."

"வேண்டாம் நீனா. ரத்தமில்லை. இது மஞ்சள்."

"மஞ்சளா? சிவப்பாக அல்லவா இருக்கிறது?"

இனி ஒளிப்பதில் பயனில்லை. அக்‌ஷயா எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டு எதற்கு, அது எப்படி உருண்டது, ரயிலில் ஏன் கையுறையைக் கழற்றவில்லை, எல்லாம்தான். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நீனா பட்டியைத் தண்ணீரில் அலசிப் பார்த்தாள். சிவப்புப் போய்ப் பழைய மஞ்சள் வந்தது. "இது போகுமா?"

"சவர்க்காரத்துக்குப் போகாது."

"அப்படியென்றால் லூக்கா அழுவான்," என்றாள் நீனா கவலையோடு. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவள்.

அன்று இரவு அக்‌ஷயாவுக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் வெள்ளை மேசைத்துணியில் பருப்புக்கறி கொட்டினால் அம்மா என்ன செய்வார் என்று யோசித்தாள். மெசினில் போடுவார். கறை அப்படியே இருக்கும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே பல்கனியில் காயப் போடுவார். பிறகு எடுத்து மடிக்கும்போது கறை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அக்‌ஷயா எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டிலை மெல்லத் தட்டினாள்.

"நீனா, வெயில். வெயில்தான் அதை எடுக்கும்."

"இது குளிர்காலம்," என்று நீனா தூக்கத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

ஆனால் விடிந்ததும் நீனாவே ஜன்னலைத் திறந்து காட்டினாள். வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. மேலே வெயில், கீழே பனியிலிருந்து திரும்பி வரும் வெயில். கறுப்புக் கண்ணாடி போடாமல் வெளியே பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து அக்‌ஷயா மஞ்சள் பட்ட இடது கையின் உறையைப் பட்டிக்கு உள்ளே செருகிக்கொண்டு, கையைத் தூக்கியபடியே சறுக்கினாள்.

"கையைக் கீழே விடு. யாருக்கு டாட்டா காட்டுகிறாய்?" என்று கேட்டார் சறுக்கப் பழக்குகிறவர்.

"வெயிலுக்கு," என்றாள் அக்‌ஷயா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து சூப் குடிக்கும்போது ஜாக்கெட் கம்பியில் தொங்கியது. நீனா பட்டியை நனைத்து, வெயில் போகிற பக்கமெல்லாம் திருப்பித் திருப்பி வைத்தாள். அவளுடைய சூப் ஆறிப்போனது.

புதன்கிழமை மலைச் சரிவின் உச்சியில் வகுப்பு முழுவதும் வரிசையில் நின்றது. அப்போது நீனா பெரிய குரலில் சொன்னாள்:

"அக்‌ஷயா போட்டிருப்பது என்னுடைய ஜாக்கெட், தெரியுமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்‌ஷயாவுக்கு அம்மாவின் பச்சைக் கோட்டு நினைவுக்கு வந்தது. அந்த இடத்திலேயே ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"போன வருடம் இதே சரிவில் அந்த ஜாக்கெட்டும் நானும் அடிவரை உருண்டு போனோம்," என்றாள் நீனா. "அதனால் அதற்கு வழி நன்றாகத் தெரியும். அக்‌ஷயா முதலில் போகட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்‌ஷயாவும் சிரித்தாள். அவள் முதல் ஆளாக இறங்கினாள். பாதி வழி நின்றபடி, மீதி வழி உட்கார்ந்தபடி.

வியாழக்கிழமை பொட்டு வெளிறிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை புறப்படும்போது நீனா பட்டியை மூக்கருகே கொண்டுபோய்த் தேடிப் பார்த்தாள்.

"போய்விட்டது," என்றாள். அவள் முகத்தில் பாதிதான் சந்தோஷம்.

"ஏன், நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனால் எனக்கு அந்தப் பொட்டு பிடித்திருந்தது. என் புது ஜாக்கெட்டில் பொட்டே இல்லை. அதனால்தான் நான் இந்த முறையும் உருண்டேன்."

லாங்கன்தால் ரயில் நிலையத்தில் அம்மா காத்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பட்டியைத்தான் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்றக் கையின் பட்டியையும் பார்த்தார்.

"எங்க பிள்ளை அது?"

"எங்கடின் வெயில் திண்டிட்டுது."

அம்மா பெருமூச்சு விட்டார். "கடையில அந்த விலைகூடின ஜாக்கெட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தனான். இனி வேண்டாம் எண்டு சொல்லவேணும்."

வழியில் அக்‌ஷயா சொன்னாள், "அம்மா, நீனா எல்லாருக்கும் முன்னால சொன்னவ. அது என்ர ஜாக்கெட் எண்டு."

அம்மா நடையை நிறுத்தினார். "நீ என்ன செய்தனீ?"

அக்‌ஷயா நடந்ததைச் சொன்னாள். உருண்ட கதை வந்ததும் அம்மா முதலில் புன்னகைத்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பால் மட்டும் வந்த கண்ணீர் இல்லை என்பது அக்‌ஷயாவுக்குத் தெரிந்தது. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் மடித்த ஜாக்கெட்டோடும் அம்மா பொரித்த ஒரு தட்டு ரோல்ஸோடும் இருவரும் கீழ்வீட்டுக்குப் போனார்கள். கறையின் சுவடே இல்லை. என்றாலும் நடந்தது முழுவதையும் அம்மாவே நீனாவின் அம்மாவுக்குச் சொன்னார். அவர் பட்டியைத் தடவிப் பார்த்து, எங்கே இருந்தது என்று கேட்டார். அம்மாவால் காட்ட முடியவில்லை.

நீனா தன் சிவப்பு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லூக்கா நீல ஜாக்கெட்டை உடனே போட்டுக்கொண்டான். கை நீளம், விரல் நுனி மட்டும் தெரிந்தது. இருவரும் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்கள்.

"எங்களுக்கும் பொட்டு வையுங்கள்," என்றாள் நீனா.

நீனாவின் அம்மா சிரித்தார். "நீனாவுடையது புதிது, சரி. நீல ஜாக்கெட் பழையதாயிற்றே? இத்தனை பிள்ளைகள் போட்டாயிற்று. பழையதற்கும் வைக்கலாமா?"

"வைக்கலாம்," என்றார் அம்மா. "போடுகிற பிள்ளைக்கு அது புதிதுதானே."

அக்‌ஷயா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்காதது போல லூக்காவின் நீளமான கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"மேல போய் மஞ்சள் எடுத்துக்கொண்டு வா பிள்ளை. இந்த முறை தண்ணியைக் குறைச்சுக் குழை."