பெரியக்காவின் வார்டு

வேலையில் சேர்ந்த அன்றே புது நர்ஸுக்கு அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. பெரியக்கா ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்குமாம். பெரியக்கா பிளாஸ்திரியின் நுனியை மடித்துத்தான் ஒட்டுவாளாம், உரிக்கும்போது வலிக்கக் கூடாதென்று. அந்த வார்டைக் கட்டி ஆண்ட அந்தத் தலைமை நர்ஸ் போன மாதம் செத்துப்போனாள். அவள் மேசை இழுப்பறையில் தலைவலித் தைலத்தின் வாடை மட்டும் போகவில்லை. செத்தும் இடத்தை விடமாட்டாள் போலிருக்கிறதே என்று இவளுக்கு வயிறு எரிந்தது.

மூலைக் கட்டிலில் ஒரு தையல்காரர். குடலில் ஆபரேஷன் ஆகி, வாய் வழியாக எதுவும் கூடாது. தலைமாட்டில் தொங்கிய, குளுக்கோஸ் கலந்த வெள்ளைப் பைதான் அவருக்குச் சாப்பாடு. பம்ப் அதை அளவு பார்த்து ரத்தக் குழாய்க்குள் தள்ளும்.

"போன தடவை பெரியக்காதான் பார்த்தாங்க," என்றார் அவர். "உன் கை அவங்க கையைவிட மெதுவா இருக்கும்மா."

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்று மத்தியானமே அவருக்குச் சர்க்கரை எகிறியது.

டாக்டர் தோண்டித் துருவினார். "முன்னாடியே சர்க்கரை இருக்கா? ஸ்டீராய்டு ஏதாவது போட்டோமா? காய்ச்சல்? பம்பை வேகமா வெச்சிட்டியா?"

எதுவுமே இல்லை. இன்சுலின் போட்டு இறக்கினார்கள்.

"இன்னொரு தடவை இப்படி ஏறினா ஆள் தாங்கமாட்டார். பெரியக்கா இருந்தவரைக்கும் இங்க இப்படி நடந்ததே இல்ல," என்று முனகியபடி டாக்டர் போனார்.

மறுநாள் தையல்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கைராசிதாம்மா இவரைக் காப்பாத்துது."

தைல வாடை அடித்தது.

பம்பில் வேகத்தைக் காட்டும் எண் அறுபதிலிருந்து எழுபதானது.

யாரும் தொடவில்லை. பொத்தான் மட்டும் உள்ளே அமுங்கி எழுந்தது.

எண்பது.

அவள் குறைத்தாள். மறுபடி ஏறியது. தையல்காரர் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனக்கு எரிந்த அதே வயிறு அந்தப் பக்கமும் எரிகிறது.

"அக்கா," என்றாள் ரகசியமாக. "உங்க அளவுக்கு எனக்கு வராது. இது உங்க வார்டுதான்."

மனசுக்குள் கறுவிக்கொண்டேதான் சொன்னாள். எண் அறுபதுக்கு இறங்கியது.

அதற்குப் பிறகு யார் பாராட்ட வாயெடுத்தாலும் "பெரியக்கா மாதிரி வருமா" என்று முந்திக்கொண்டாள். தையல்காரர் தேறி வந்தார். நாளைக்குக் கஞ்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றிருந்த காலையில் டாக்டர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றார். அவள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"பெரியக்காவையே தூக்கிச் சாப்பிட்டுட்டா இந்தப் பொண்ணு."

எத்தனை நாளாகக் கேட்க ஏங்கிய சொல். ஒரு கணம் அவளுக்கு இனித்தும் விட்டது.

அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது.

தையல்காரர் கையில் அவள் சற்றுமுன் தட்டையாக ஒட்டிய பிளாஸ்திரியின் நுனி, தானாக, நிதானமாக மடிந்தது. தலைமாட்டில் பொத்தான் அமுங்கியது.