இரண்டாவது கார்டின் குளிர்

இரண்டாவது கார்டு குளிர்ந்து கிடந்தது.

கௌசிகா முதலில் திரையில்தான் பார்த்தாள். கொச்சியில் கட்டப்போகும் ஓட்டல் ஒன்றின் உள்புறத்தைச் சுற்றிக்காட்டும் படத்தை நான்கு கிராபிக்ஸ் கார்டுகளும் காலையிலிருந்து காட்சி காட்சியாக வரைந்துகொண்டிருந்தன. நான்குக்கும் ஒரே வேலை. மூன்றின் சூடு எழுபது டிகிரியைத் தாண்டியிருக்க, இரண்டாவது மட்டும் பதினொன்று காட்டியது. அறையின் குளிரே பதினாறு. உழைக்கிற கார்டு அறையைவிடக் குளிராக இருக்க வழியே இல்லை.

எழுந்து போய் அதன் முதுகுத் தகட்டைத் தொட்டாள். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் மாதிரி வியர்த்திருந்தது.

இதுவரை அவளுக்குச் சூடுதான் எதிரி. வடகரப்பதியில், மாமனார் வீட்டு மாடியறையில், நான்கையும் ஒரே பெட்டிக்குள் நெருக்கி வைத்திருந்தாள். ஒன்று கக்கும் அனலை அடுத்தது இழுக்கும். நடுவில் இருக்கும் இரண்டும் வெந்துபோகும். மதியத்துக்குள் மெஷினே தானாக அணைந்துவிடும். பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, திறந்த இரும்புச் சட்டத்தில் நீளக் கேபிள்களால் கார்டுகளைப் பிரித்து மாட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே உள்ளங்கை அகலம் இடைவெளி விட்டாள். அப்போதும் பங்குனி வெயில் விடவில்லை. மலைமேல் சின்னக்கானலில் லாட்ஜ் மேனேஜராக இருந்த கணவன் பிரதீப்தான் வழி சொன்னான்.

"மெஷினத் தூக்கிட்டு இங்க வந்துரு கௌசி. இங்கத்த குளிருக்கு ஏசியே வேண்டாம்."

தேயிலைச் சரிவின் நடுவே வெகுகாலம் பூட்டிக் கிடந்த எஸ்டேட் குவார்ட்டர்ஸ் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. குளிருக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்று வந்த அன்றே கௌசிகாவுக்குத் தோன்றியது. ஈரத்தில் ஊதிய கதவுகளைத் தோளால் இடித்தால்தான் திறக்கும். பால்காரர் வேலிக்கு அப்பாலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். கீழே தொழிலாளர் லயத்தில் முதல் வீட்டில் இருக்கும் குருவம்மாள், கொழுந்துக் கூடையோடு போகிற வழியில் ஒருநாள் ஜன்னலருகே நின்றுவிட்டாள். வெளியே வந்த வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் பட்டது.

"உள்ள என்னத்தா எரியுது?"

"எரியலைங்க அக்கா. கம்ப்யூட்டருங்க. அதோட சூடுங்க."

"இந்த வீட்ல யாரும் அடுப்பு மூட்டுறதில்ல. இங்க சூடு ஆகாது. காலி பண்ணிட்டுப் போங்க."

சொன்ன தொனியில் அக்கறை இல்லை, வெறுப்புதான் இருந்தது. வெளியூர்க்காரர்களைப் பிடிக்காத கோபம் என்று கௌசிகா விட்டுவிட்டாள். அடுப்பு எப்படியும் அவர்கள் மூட்டவில்லை. சாப்பாடு லாட்ஜிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு மதியம் பிரதீப் மழையில் நனைந்து, காய்ச்சலோடு சீக்கிரமே வந்துவிட்டான். மாத்திரை கொடுத்து, உள்ளறைக் கட்டிலில் இரண்டு கம்பளி போர்த்திப் படுக்க வைத்திருந்தாள். நெற்றி கொதித்தது, மோதிரம் போட்ட விரல்கூடச் சுட்டது. நாளைக் காலையில் ஆஸ்பத்திரி. அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

சென்சார் பழுதாக இருக்கும் என்று மெஷினை நிறுத்தி, இரண்டாவது கார்டைக் கழற்றி நான்காவது இடத்தில் மாட்டினாள். அங்கே இருந்தது இரண்டாவது இடத்துக்கு வந்தது. மறுபடி ஓடவிட்டாள். இடம் மாறிப்போன கார்டு சரசரவென்று எழுபதுக்கு ஏறியது. புதிதாக வந்தது நாற்பது வரை போய், நின்று, இறங்க ஆரம்பித்தது.

அப்படியானால் கோளாறு கார்டில் இல்லை. அந்த இடத்தில்.

வெளியே மஞ்சுப் பனிமூட்டம் இறங்கி, ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் தேயிலையும் பாதையும் லயத்துக் கூரைகளும் ஒவ்வொன்றாக அழிந்துபோய், பொழுது சாயும் முன்பே அறைக்குள் சாம்பல் நிற வெளிச்சம் தேங்கி நின்றது. விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒரு வாடை எழுந்தது. நனைந்த கம்பளியும், பழைய விறகுப் புகையும், நெடுநாள் திறக்காத மண்ணும் கலந்த வாடை. உள்ளறையில் பிரதீப் முனகினான்.

"என்னாச்சுங்க? தண்ணி வேணுங்களா?"

"வேண்டா... குளுருது புள்ள."

"சித்த பொறுங்க, வந்தர்றனுங்க."

டிஷ்யூ காகிதத்தை மெல்லிய கீற்றாகக் கிழித்து, காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க, முதல் இடைவெளியின் முன்னால் பிடித்தாள். பின்னாலிருந்து விசிறி தள்ளிய காற்றில் கீற்று அவள் பக்கம் படபடத்தது. மூன்றாவதிலும் அப்படியே. நடுவில் இருந்த இரண்டாவது இடைவெளிக்கு நகர்த்தினாள். படபடப்பு நின்றது. கீற்று நேராகத் தொங்கியது. பிறகு மெதுவாக, யாரோ மூச்சை இழுப்பது போல, உள்பக்கம் வளைந்தது.

காற்றை ஏதோ மறிக்கிறது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கார்டின் எண்ணும் சரியத் தொடங்கியது. அறுபது. நாற்பத்தைந்து. இருபது. இரண்டு விசிறிகள் வேலையில்லாமல் நின்றன. இரைச்சல் பாதியானதும் அதுவரை அமுங்கியிருந்த சத்தம் காதில் விழுந்தது. உலோகத்தின்மேல் தோல் உரசும் சத்தம். உரசி, நின்று, திரும்பவும் உரசும் சத்தம். அடுப்பங்கரையில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொள்வது மாதிரி.

செல்போன் டார்ச்சை ஏற்றி, குனிந்து, இடைவெளிக்குள் அடித்தாள்.

விரல்கள்.

பின்பக்கத்திலிருந்து நீண்டு வந்திருந்தன. வெகுநேரம் தண்ணீரில் ஊறியவை போல வெளுத்து, சுருங்கி, நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தன. கார்டின் சூட்டுத் தகடுகளை ஆசையோடு தடவிக்கொண்டிருந்தன. அடுத்த இடைவெளியில் இன்னொரு கை. அது சின்னது. சட்டத்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிச் சுவர். அங்கே ஆள் நிற்க இடமே இல்லை.

பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

எல்லாம் அணைந்தது.

அமைதியில் அந்த விரல்கள் அசையாமல் இருந்தன. பிறகு தேடின. ஒவ்வொரு கார்டாகத் தொட்டு, சூடு போய்விட்டதா என்று தட்டிப் பார்த்தன. கடைசியில் ஒவ்வொன்றாகப் பின்னால் நழுவிச் சுவருக்குள் போயின.

காய்ச்சலில் கிடப்பவனைத் தனியாகத் தூக்கிப் போக அவளால் ஆகாது. ஆள் வேண்டும். கௌசிகா வாசலைத் தோளால் இடித்துத் திறந்து, மஞ்சுக்குள் சரிவில் சறுக்கியபடி ஓடி, குருவம்மாளின் கதவைத் தட்டினாள்.

"அக்கா! கொஞ்சம் வாங்கக்கா! அந்த மெஷினுக்குள்ள கை... கை இருக்குதுங்க!"

கதவு பாதி திறந்தது. குருவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சூடு எரியுதா இன்னும்?"

"இல்லீங்க. அணைச்சுப்போட்டு ஓடியாந்தனுங்க."

"அணைச்சிட்டியா?" குருவம்மாளின் குரல் தணிந்தது. "உள்ள வேற யாரு இருக்கா?"

"அவருதாங்க. காய்ச்சல்ல படுத்திருக்கறாருங்க. ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதுங்க."

குருவம்மாளின் முகத்தில் ஒரு நொடி ஏதோ இளகியது. அடுத்த நொடி கதவை மூடினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும்.

அப்போதுதான் கௌசிகாவுக்குப் புரிந்தது. மெஷின் அணைந்த வீட்டில் இனி சூடு இருப்பது ஒரே ஒரு உடம்பில்.

மேலே ஓடினாள். மூச்சு இரைத்தது. கால் வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

வீடு இருட்டாக இருந்தது. செல்போன் டார்ச்சை முன்னால் பிடித்துப் போனாள். உள்ளறையில் பிரதீப்பின் நடுக்கம் நின்றிருந்தது.

"கௌசி," என்றான். தூக்கத்தில் பேசுவது போல இதமான குரல். "இப்பத்தான் புள்ள சுகமா இருக்குது. உன்ற கைய எடுத்துறாத."

அவள் இன்னும் உள்ளறை வாசற்படியில்தான் நின்றிருந்தாள்.

கம்பளிக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. மார்பில். வயிற்றில். கழுத்தோரத்தில். மேடு மேடாக.

"ஏனுங்க..."

கட்டிலை நோக்கி ஓரடி வைத்தாள்.

"ஏனுங்க, எந்திரிங்க!"

அவன் வாயிலிருந்து இரண்டு முறை புகை போல மூச்சு வந்தது. மூன்றாவது வரவில்லை.

கம்பளி அசைவது நின்றது. தேடியது. தட்டிப் பார்த்தது. பிறகு அதன் ஓரங்களிலிருந்து அவை வெளியே வந்தன. வெளுத்த கைகள். பெரியவை. சிறியவை. கட்டில் விளிம்பில் வரிசையாக நின்றன.

கௌசிகாவின் நெற்றி வியர்வை சொட்டியது. ஓடி வந்த உடம்பு இன்னும் கொதித்தது.

ஒவ்வொன்றாக, உள்ளங்கைகள் அவள் பக்கம் திரும்பின.

அவற்றில் ஒன்றில் பிரதீப்பின் மோதிரம் இருந்தது.