ஆள் இருக்கு, மேலே தூக்கு

காலையில் தசரதன் வண்டி பேட்டரியில் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தபோது மிதவை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. சார்ஜ் துளியும் இல்லை. முந்தின நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, எல்லா ஸ்விட்சையும் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் போன பேட்டரி அது.

அந்த வண்டி ஒரு துரை தன் சுகத்துக்குக் கட்டியது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விசிறி என்று ஒரு வீட்டையே உள்ளே வைத்து, எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி என்று போட்டிருந்தார். இன்று செத்திருந்தது வீட்டுப் பேட்டரி. தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்குப் போனதும் துரை கப்பலேறினார். இப்போது அதில் நெஞ்சில் கல்தூசி அடைத்தவர்களை நந்திதுர்க் சுரங்கத்திலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். பின்கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளும் என்று வெளியே தாழ்ப்பாள். உள்ளே இருப்பவன் முன்னால் இருப்பவர்களைக் கூப்பிடக் கட்டிலோரம் ஒரு பெல் பொத்தான். ஒயர் வேலையும் நோயாளியோடு கூடப் போவதும் தசரதன் பொறுப்பு.

"இன்னொரு தபா பேட்டரி செத்துச்சு, நீ கீழதான் போவ" என்று மேஸ்திரி பாண்டுரங்கன் சொல்லியிருந்தார். கீழே என்றால் சுரங்கம். தசரதனின் அண்ணன் அங்கே போனவன்தான். பாறை வெடித்த பிறகு மேலே வந்தது ஒற்றை பூட்ஸ்.

அம்மீட்டரை மாட்டி, கரண்ட் எங்கே கசிகிறது என்று ஒவ்வொரு ஒயராகக் கழற்றினான். விளக்கு, பம்பு, விசிறி எதிலும் குற்றமில்லை. முள் மட்டும் துள்ளியது. மூன்று முறை. கொஞ்சம் நின்று, ஒரு முறை. மறுபடி மூன்று, ஒன்று. பேட்டரி செத்ததில் பெல்லுக்கு முனகக்கூடத் தெம்பில்லை. அதன் ஒயரைக் கழற்றியதும் முள் படுத்துவிட்டது, சார்ஜைக் குடித்தது அதுதான்.

தங்கவயலில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு அது, சுரங்கக் குழியான ஷாஃப்டில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்கு அடிக்கும் மணி. மூன்று அடித்தால் ஆள் இருக்கு. பிறகு ஒன்று என்றால் மேலே தூக்கு, இரண்டு என்றால் கீழே இறக்கு. பொத்தானில் ஈரம் கோர்த்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிரித்துப் பார்க்கச் சோம்பல். பெல்லையே கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்றைய நோயாளி காத்தவராயன், ஷாஃப்டில் மணி அடித்தே தேய்ந்தவன். பேச்சில்லை, ஓட்டைத் துருத்தி மாதிரி மூச்சு மட்டும்.

"வழியில மூச்சு முட்டிச்சுன்னா இன்னாண்ணா பண்ணணும்?" என்று கேட்டாள் வழியனுப்ப வந்த அவன் பெண்சாதி வெங்கடம்மா.

"பெல்லு கீதும்மா. அமுக்குனா ஓடியாந்துடுவோம்" என்றான் தசரதன், வாய் கூசாமல்.

பங்காருபேட்டை தாண்டியதும், முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்த தசரதனுக்குப் பையிலிருந்த பெல் தொடையில் மெல்ல அதிர்ந்தது. ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டான்.

பெங்களூரில் கதவைத் திறந்தபோது காத்தவராயன் விறைத்திருந்தான். கட்டை விரல் பொத்தான்மேல் இருந்தது. பொத்தானைச் சுற்றிப் பெயிண்ட் நகத்தால் சுரண்டப்பட்டு, ரத்தம் காய்ந்திருந்தது. தசரதன் ஓடிப்போய்ப் பேட்டரியைப் பார்த்தான். ஓட்டத்தில் சார்ஜ் ஏறி நிறைந்திருந்தது. சொல்லவே நா கூசும், அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி.

பிணத்தை அங்கேயே ஒப்படைத்துவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியபோது சாயங்கால மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. யார் கண்ணிலும் படுவதற்குள் ரத்தத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று விளக்கைப் போட்டு, ஈரத்துணியோடு உள்ளே ஏறினான். ஆசிட் நெடியோடு இன்னொரு வாடை கலந்திருந்தது. ஈரப் பாறை, வெடிமருந்துப் புகை, அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவன் சட்டையில் இருக்கும் அதே வாடை.

பின்னால் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள் விழுந்தது. டிரைவர் பர்னபாஸ், பழக்கதோஷத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

"பர்னபாஸ் அண்ணே, நான் உள்ள கீறேன்."

மழை. கதவைக் குத்தினான். மழைதான். விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. மூன்று. ஒன்று. ஒயர் இல்லை என்று அவனுக்குத் தெரியும். கழற்றியவனே அவன்தானே. ஆனாலும் அமுக்கினான். மூன்று. ஒன்று.

காலையில் முள் துள்ளியது இப்படித்தான். இதே வேகம். இதே இடைவெளி.

பைக்குள் பெல் அடித்தது.

மூன்று.

நின்றது. தசரதன் தொடையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒன்று, ஒன்றே ஒன்று என்று சாமியை எல்லாம் வேண்டினான்.

ஒன்று. அவனுக்கு உயிர் வந்தது.

இன்னொன்று.

தரை இறங்கியது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஷெட்டின் தகரம் மேலே போயிற்று. பிறகு மண். பிறகு ஈரப் பாறை, மேலே, மேலே. பேட்டரி நிறைந்திருந்தது. விளக்கு அணையவே இல்லை.