பகலில் அணைத்த விளக்கு

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் குறைந்திருந்தது.

வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விளிம்புவரை நிரப்பி, தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் வைத்தவள் சுல்மாதான். இப்போது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஊரில், கொலம்பியாவின் கிப்தோவில், செத்தவருக்கென்று ஒன்பது நாளும் பீடத்தில் வைக்கிற தண்ணீர் ஓர் இரவுக்கு ஒரு விரல்கடை குறைந்தாலே போதும், குடித்தாயிற்று, தாகம் தீர்ந்தது என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்வார்கள். இங்கே விமானத்துக்குள் காற்று வறண்டு கிடந்தது, அவளுக்கே உதடு வெடித்து மூக்கு எரிந்தது. காற்று குடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட பிறகும் கண் அங்கேயேதான் போனது.

தம்ளர் இருந்தது நடைவழிக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரத்து சீட்டில். ஏதோ ரிப்பேர், சாயாது, அதனால் யாருக்கும் கொடுக்கவில்லை என்று பணிப்பெண் பெலென் சொல்லியிருந்தாள். அந்த சீட்டில் ஒரு நீலத் துணிப்பை. பைக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் சுல்மாவின் அக்கா நூரிஸ், சாம்பலாக.

நூரிஸ் மாட்ரிட்டில் பதினோரு வருஷம் ஒரு கிழவிக்குக் குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி இன்னும் கல்லுப்போல இருக்கிறாள், பார்த்துக்கொண்டவள் போய்விட்டாள். கிழவியின் மகனுக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும், தன் விமானக் கணக்கில் சேர்ந்திருந்த இலவச மைல்களைக் கொடுத்து பிசினஸ் கிளாசில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டான், ஒன்று சுல்மாவுக்கு, ஒன்று நூரிஸின் ஆறு வயசு மகள் மைராவுக்கு. உயிரோடு இருந்தபோது அக்காவுக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்துக்கொடுத்திருப்பானா என்று சுல்மாவுக்கு வயிறெரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு ஒன்பதாம் நாள், கடைசி இரவு. பொகோட்டாவில் இறங்கி, அடுத்த சின்ன விமானம் பிடித்து, ராத்திரி எட்டு மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஏறுவதற்கு முன் தம்பி ஹர்லின் போனில் பேசினான். "என்னக்கா, படுத்துக்கிட்டே வர்றியாமே. எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுக்க."

"வாயை மூடு. ஒப்பாரிப் பாட்டுக்காரங்க வந்துட்டாங்களா?"

"எல்லாம் வந்தாச்சு. நீயும் புள்ளையும் அக்காவும் வராம நாங்க விளக்கை அணைக்க மாட்டோம். மெதுவா வா."

கிளம்பும்போது பையை மேலே பெட்டித்தட்டில் வைக்கச் சொன்னார்கள். யாரோ ஒருத்தனின் தொப்பிக்கும் மதுப்பாட்டில் பைக்கும் நடுவே அக்காவைத் திணித்தது சுல்மாவுக்குப் பொறுக்கவில்லை. விமானம் மேலே ஏறி பெல்ட் விளக்கு அணைந்ததும் முதல் வேலையாகப் பையை இறக்கி அந்தக் காலி சீட்டில் உட்காரவைத்தாள். வைத்த பிறகு வெறுமனே விட மனசு வரவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர். சீட்டுக்கு மேலிருந்த சின்ன விளக்கு, மெழுகுவத்திக்குப் பதிலாக. ஊர்க்காரி எவளாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள். செய்யும்போது அவளுக்கு அது பீடம் என்று தோன்றவே இல்லை, அக்காவை நல்லபடியாக உட்காரவைக்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

நடுவரிசையில் ஜோடி சீட்டு. சுல்மாவுக்கு ஒரு நடைவழி, தடுப்புக்கு அந்தப் பக்கம் மைராவுக்கு இன்னொரு நடைவழி. தடுப்புக்கு மேலே மைராவின் நெற்றியும் கண்ணும் மட்டும் எழும்பின.

"சித்தி, அம்மா எல்லாத் தண்ணியும் குடிச்சிருவாளா?"

"குடிக்கட்டும். நீ படு."

"அப்புறம் எழுந்திருப்பாளா?"

"மாட்டாடி. ஊருக்குப் போயி, நாம எல்லாரும் வழி விடுவோம், அவ போயிருவா."

"நான் இல்லாமயா?"

ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் போனில் பேசியபோது நூரிஸ் சொன்னதும் அதுதான். என் பொண்ணை விட்டுட்டு நான் எங்க போவேன். நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போ என்று சுல்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். நூரிஸ் சரி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சாப்பாடு வந்தது. மீன், ஆலிவ், பெயர் தெரியாத ஒரு குழம்பு. மைரா ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றாள். பிறகு வெளியே வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கும்போதே, மாட்ரிட் கணக்கில் மதியம் மூணு மணிக்கு, ஜன்னல்கள் எல்லாம் ஒன்றாகக் கறுத்தன. பெரிய மனுஷர்கள் தூங்கட்டுமென்று பகலை இரவாக்குகிறார்கள். முதலில் மஞ்சளாக, பிறகு ஊதாவாக, பிறகு ஒன்றுமில்லாமல் விளக்குகள் மங்கின. காலை நீட்டிப் படுத்த சுல்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு நாள் அலைச்சல், ஆனாலும் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை, புரண்டாள், போர்வையை உதைத்தாள், எடுத்துப் போர்த்தினாள், எதிரே எரிந்த அந்த ஒற்றை விளக்கைப் பார்த்தாள், இன்ஜினின் இரைச்சல் ஆற்றுத்தண்ணீர் போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்ததில் எப்போது கண் செருகினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

விழித்தபோது எதிரே இருட்டாக இருந்தது.

விளக்கு இல்லை. தம்ளர் இல்லை. பை இல்லை. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். நடைவழியில் பெலென் தட்டோடு வந்தாள்.

"அங்க இருந்த விளக்கை யார் அணைச்சது?"

"நான்தான் மேடம்." பெலென் குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துல ஒருத்தருக்குக் கண்ணு கூசுதாம். கொஞ்சம் குலுங்கப் போகுதுன்னு கேப்டன் சொன்னார், அதனால பையை மேல வெச்சிட்டேன். பத்திரமா இருக்கு."

"தண்ணி?"

"காலி கிளாஸ்தானே மேடம். எடுத்துட்டேன்."

"காலியா?"

"ஒரு சொட்டு இல்ல."

சுல்மா முன்கதவுப் பக்கம் பார்த்தாள். "கதவை எப்ப திறப்பீங்க?"

பெலென் இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பழகியவள் போலச் சிரித்தாள். "பொகோட்டாவுலதான். இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. சாமந்திப்பூ டீ ஒண்ணு கொண்டுவரட்டுமா? தூக்கம் வரும்."

டீ வேண்டாம் என்று சொன்னாளா, சொல்லவில்லையா என்று தெரியவில்லை. சுல்மா ஊரில் நடக்கும் கடைசி இரவுச் சடங்கை நினைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்து எத்தனையோ முறை நின்றிருக்கிறாள். முதலில் வாசல் கதவை அகலத் திறப்பார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து சுவரோடு ஒட்டி நிற்கும், பீடத்திலிருந்து வாசல்வரை நடுவே ஒரு வழி. அதற்குப் பிறகுதான் பீடத்தைக் கலைப்பார்கள். கடைசி விளக்கை அணைப்பார்கள். அந்த இருட்டில் செத்தவரின் ஆவி எழுந்து போகும். வழியில் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் என்ன ஆகும் என்று சுல்மா யாரையும் கேட்டதில்லை, ஏனென்றால் யாரும் நின்றதில்லை.

இங்கே பீடத்தைக் கலைத்தாயிற்று. விளக்கை அணைத்தாயிற்று. ஆட்களெல்லாம் ஒதுங்கிப் படுத்தாயிற்று, நடுவே வழி வெறிச்சென்று கிடக்கிறது. கதவு மட்டும் பூட்டியிருக்கிறது, கீழே கடல்.

முதலில் வாசனை வந்தது. மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து கிளம்புமே, அந்தப் புகை நெடி. விமானத்தில் மெழுகுவத்தி ஏது. பிறகு எதிர் சீட்டில் பெல்ட் கழன்ற சத்தம், டக்கென்று ஒன்று, சின்னதாக. சாயாது என்று சொன்ன சீட் முனகிக்கொண்டே சாய்ந்து நிமிர்ந்தது.

பிறகு நடை. கம்பளத்தின் மேல் வெறுங்கால், அவசரமில்லாமல், நாள் முழுக்க நின்று வேலை செய்தவளின் நடை, முன்பக்கம் போயிற்று. சமையலறைத் திரை ஒதுங்கியது. முன்கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரும்பி வந்தது. அது கடந்தபோது சுல்மாவின் கணுக்காலில் குளிர் பட்டது, வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தூக்கத்திலேயே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பின்பக்கம் போயிற்று. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தது. மறுபடி முன்கதவு. மறுபடி பின்கதவு. இப்போது வேகம் கூடியிருந்தது.

"அக்கா," என்றாள் சுல்மா, வாய்க்குள்ளேயே. "கொஞ்சம் பொறுத்துக்க. வீட்டுக்குப் போயிரலாம். ஹர்லின் கதவைத் திறந்து வெச்சிருப்பான்."

நடை நின்றது.

அவள் பக்கம் இல்லை. முன்பக்கமாகச் சுற்றி, அந்த நடைவழிக்கு வந்துவிட்டிருந்தது. மைராவின் பக்கம்.

தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மைரா எழுந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கம் துளியும் இல்லாத முகம். இரண்டு கையையும் மேலே நீட்டியிருந்தாள், தூக்கச் சொல்லிக் குழந்தைகள் நீட்டுவதைப் போல.

சுல்மா ஓடினாள். செருப்பில்லாமல், முட்டி எதிலோ இடித்து, திரையைக் கிழிக்காத குறையாக விலக்கி, சமையலறையைச் சுற்றி, அந்தப் பக்க நடைவழிக்கு. மைராவின் சீட்டுக்கு முன்னால் போய் நின்றாள். பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு.

வழியில் நிற்கிறோம் என்று தெரிந்தது. நகரவில்லை.

"புள்ளையை விட்டுரு அக்கா. அவளைத் தர மாட்டேன்."

ஓர் அடி.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

இன்னோர் அடி. புகை நெடி. குளிர், நெஞ்சில். முகத்துக்கு நேரே யாரோ நிற்கிறார்கள். மூச்சு இல்லை. இருட்டு மட்டும். இருட்டுக்குள் இன்னும் கறுப்பாக ஒன்று.

அது நிற்கவில்லை.

விளக்கு மெல்ல மெல்ல வந்தது. ஆரஞ்சு நிறத்தில், ஒரு பொய்விடியல். ஜன்னல்கள் வெளுத்தன, வெளியே நிஜ வெயில் அப்படியே இருந்தது. சுல்மா தன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், பெல்ட் போட்டிருந்தது. எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று நினைவில்லை. நடைச் சத்தம் இல்லை, நெடி இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மைரா கலகலவென்று சிரித்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நினைப்பில் சுல்மாவுக்கு அழுகை முட்டியது, ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"வலிக்குதும்மா," என்றாள் மைரா. "மெதுவா பின்னு."

சுல்மா திரும்பிப் பார்த்தாள். மைராவுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். பச்சைச் சட்டை. பள்ளிக்கூடச் சமையலில் சுட்டுக்கொண்ட தழும்பு வலது மணிக்கட்டில். சுல்மாவின் சட்டை, சுல்மாவின் தழும்பு. அந்த முகம் நிமிர்ந்து, சுல்மாவின் கண்களாலேயே சுல்மாவைப் பார்த்தது. கோபம் இல்லை அதில். கொஞ்சம் வருத்தம் இருந்தது, அவ்வளவுதான்.

பெலென் தட்டோடு வந்தாள். "நல்லா தூங்கினீங்களா மேடம்?" என்று பச்சைச் சட்டைக்காரியைக் கேட்டாள்.

"தூங்கினேன்," என்றாள் அவள்.

சுல்மா கத்தினாள். சத்தம் எழவில்லை. பெலென் இந்தப் பக்கம் வந்து, குனிந்து, சுல்மாவின் மடிக்குள் கையை விட்டுப் போர்வையை எடுத்து மடித்தாள்.

பொகோட்டாவில் சக்கரம் தரையைத் தொட்டது. கதவைத் திறந்தார்கள். மலைக்காற்று உள்ளே வந்து எல்லார் முடியையும் அசைத்தது, சுல்மாவின் முடியை அசைக்கவில்லை. அவளால் பெல்ட்டைத் தொடவும் முடியவில்லை. பச்சைச் சட்டைக்காரி எட்டி நீலப் பையை இறக்கித் தோளில் மாட்டினாள், மைராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குக் கிட்டே போனதும் மைரா திரும்பினாள். நேராக சுல்மாவைப் பார்த்தாள்.

"சித்தி வரலையா?"

"சித்தி தூங்கட்டும்டி. அசந்து போயிருக்கா. வா, மாமா காத்துக்கிட்டிருப்பாரு."

இரண்டு பேரும் கதவைத் தாண்டினார்கள்.

துப்புரவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள், யாரோ ஒரு மேஸ்திரியைப் பற்றி வம்பு பேசிக்கொண்டே உறைகளை மாற்றினார்கள், தரையைக் கூட்டினார்கள். பிறகு புது ஆட்கள் ஏறினார்கள். கனத்த உடம்புக்காரர் ஒருவர் டிக்கெட்டைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு, பெருமூச்சோடு சுல்மாவின் மேலேயே உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்று பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். "இந்த சீட் மட்டும் ரொம்பக் குளிருது. இன்னொரு போர்வை கிடைக்குமா?"

கொண்டுவந்தார்கள். அவர் அதைத் தன் கழுத்துவரை, சுல்மாவின் முகத்துக்கு மேலே, இழுத்துப் போர்த்திக்கொண்டார். முன்னால் கதவை மூடிப் பூட்டினார்கள்.