நீலப் பூத் தட்டு

வீடு பார்க்கப் போனால் அரூஸ் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பான், சுவரைத் தட்டிப் பார்ப்பான். அவன் மனைவி றம்லத் பார்ப்பது அக்கம்பக்கத்தை. கெலிஓயா ஊருக்கு மேலே, ஏற்றத்தில் இருந்த அந்த மாடிவீட்டின் முன் ஆட்டோ நின்றதும், உள்ளேகூடப் போகாமல் நேரே பின்பக்கத்து மதிலடிக்கு நடந்தாள்.

ஏழு மாத வயிறு. இப்போதிருக்கும் வாடகை அறையில் தொட்டில் கட்டக்கூட இடமில்லை. பிள்ளை பிறக்குமுன் ஒரு வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது. கண்டி டவுனுக்குள் விலை கைக்கு எட்டவில்லை. எட்டிய இடங்களில் ஆட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவசரத்துக்கு ஓடிவரப் பக்கத்தில் ஒரு மனுஷி இல்லாவிட்டால் பச்சைப் பிள்ளையைத் தனியே எப்படி வளர்ப்பது?

பின்னேரப் பனி இறங்கி, ஆள் உயர மதிலுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மாடியில் அரூஸும் தரகர் ஷிராஸ் நானாவும் பேசுவது மட்டும் மெல்லக் கேட்டது.

அப்போதுதான் ஏலக்காய் வாசம் வந்தது.

மதிலுக்கு மேலால் ஒரு கை நீண்டது. கையில் நீலப் பூ விளிம்பு வைத்த தட்டு. அதில் ஆவி பறக்க, கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம்.

"வீடு பாக்கவா வந்த தங்கச்சி?" பெண்குரல், கிசுகிசுப்பாக.

"ஓ ராத்தா."

"எத்தன மாசம்?"

"ஏழு."

மதிலுக்கு அப்பால் நிற்பவளுக்குத் தன் வயிறு எப்படித் தெரிந்தது என்று றம்லத்துக்கு அப்போது தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"சாப்பிடுங்க. தட்டுக்கு அவசரமில்ல. புள்ள பொறந்த பொறகு தந்தாக் காணும்."

நின்ற நிலையிலேயே சாப்பிட்டாள். கடைசித் துண்டில் மண் கரகரத்தது. கருப்பட்டியில் மண் கிடப்பது புதிதா என்ன, விழுங்கிவிட்டாள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அவள் வளர்ந்த வீட்டில் நடக்காத காரியம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

"வெறுந்தட்டாத் தர மாட்டேன் ராத்தா. நிரப்பித்தான் தருவேன்," என்றாள்.

அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்புக் கேட்டது.

தட்டோடு மாடிக்கு ஏறினாள். "இங்கேருங்க, இந்த வீட்டையே எடுப்பம். பின்னால இருக்கிற ராத்தா தங்கமான மனுஷி. வட்டிலப்பம் தந்தாங்க."

ஷிராஸ் நானா தட்டைப் பார்த்தார். போய்ப் பின் ஜன்னலைத் திறந்தார்.

பனி விலகியிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் தரையே இல்லை.

சிவப்பு மண் கீழே ஓடை வரைக்கும் சரிந்து கிடந்தது. அந்தரத்தில் இரண்டு படிகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. மதிலடியில் ஒரு பூனை நிற்கவும் இடமில்லை.

"போன மழைக்கு அங்க இருந்த வீடு முழுசா இறங்கிட்டு," என்றார் ஷிராஸ் நானா. "வில கொறச்சல் அதாலதான். தாயிட மையித்தத் தோண்டி எடுத்தாங்க. பச்சப் புள்ளதான் இன்னும் கெடைக்கல்ல."

அரூஸ் அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி ஜன்னலால் வீசினான். அது மதிலைத் தாண்டிப் பள்ளத்தில் மறைந்தது.

மூவரும் காது கொடுத்து நின்றார்கள்.

விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

பிறகு பல்லேகலயில் வீடு வாங்கினார்கள். சமதரை. அக்கம்பக்கம் தேடி அலைந்த அதே றம்லத், பின்னால் ஒரு வீடும் இருக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். பின்மதில் இடுப்பளவுதான். அப்பால் வெறும் புல், தூரத்தில் தொழிற்சாலைக் கூரைகள். அங்கே யாரும் மறைந்து நிற்க முடியாது. அதைப் பார்த்த பிறகே அவள் சம்மதித்தாள்.

மகன் பிறந்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பயமும் விட்டுப்போனது.

நல்ல வெயிலடித்த ஒரு நாள், வீறிட்டு அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கொடியில் காய்ந்த துணி எடுக்கப் பின்பக்கம் போனாள்.

ஈர மண் வாசம் அடித்தது. மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது.

பிறகு ஏலக்காய்.

மதில்மேல் நீலப் பூ விளிம்புத் தட்டு இருந்தது. அந்தப் பக்கமிருந்து நான்கு விரல்கள் அதைப் பிடித்திருந்தன. நகங்களுக்குள் சிவப்பு மண். விரல்களுக்குப் பின்னால் யாருமில்லை, வெயிலில் புல் மட்டும் அசைந்தது.

றம்லத் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். தோளில் அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கி, மதில் பக்கம் தலையைத் திருப்பியது.

"பொறந்திட்டு தானே தங்கச்சி? நிரப்பித் தாறதாச் சொன்னீங்களே."

தட்டு கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது. அது மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்தது.