ஒரு தட்டு தட்டினால்

ஆம்பூரில் மக்பூல் அகமது சாயபு வீட்டுக் கொல்லையில் இருந்த மோட்டார் கொட்டகைக்குக் கன்னியப்பன் வந்து சேர்ந்தபோது, அவன் மேலெல்லாம் சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை வாடை வீசிக்கொண்டிருந்தது. அதுவரை ரயிலடியிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புக்கு மாட்டுவண்டி ஓட்டியவன் அவன். மோட்டார் என்றால் தெருவே கூடி வேடிக்கை பார்த்த காலம். மாட்டையே அடக்கியவனுக்கு மோட்டார் எம்மாத்திரம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வீறாப்பு அரை நாள்கூடத் தாங்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் ஸ்டீரிங்கைக் கயிறு மாதிரி பின்னால் இழுத்தான். வாயால் "ஹோ ஹோ" என்றான். மோட்டார் நேராகப் போய், தோல் காயப்போட்டிருந்த மூங்கில் பந்தலைச் சாய்த்துவிட்டு நின்றது.

"அரே தோஸ்த், இது மாடு இல்ல. வாயால சொன்னா நிக்காது, கால்ல மிதி" என்றான் ஆபித் பாஷா. பழைய டிரைவர் அவன். கன்னியப்பன் வயசுதான். வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போகிறான். கன்னியப்பனுக்குக் கை பழகும்வரைதான் இருப்பான். பந்தல் விழுந்ததற்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆபித் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுப் பெண்கள் போகும் வண்டி அது. டிரைவருக்குப் பின்னால் கனத்த கறுப்புத் திரை. அவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் டிரைவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பெண்களும் அந்நிய ஆணிடம் லேசில் பேச மாட்டார்கள். முன்சீட்டின் மரச்சட்டத்தில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ.

வேலூர் ரோட்டில்தான் ஓட்டிப் பழகினார்கள். கியர் மாற்றும்போது வண்டி முக்கும், முனகும். ஆனால் மாதனூர் வந்துவிட்டால் ஆபித் பாஷா கன்னியப்பனைத் தள்ளிவிட்டுத் தானே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்வான். அங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கவிந்து பகலிலேயே இருட்டாக இருக்கும். உதடு எதையோ ஓத, வண்டியைப் பறக்கவிடுவான்.

ஒருநாள் அங்கே, இருவரும் இடம் மாறுவதற்கு முன்பே, பின்னால் யாருமே இல்லாத வண்டியில், மரச்சட்டம் தட்டப்பட்டது.

ஒரு தட்டு.

கன்னியப்பனின் கால் பிரேக்கைத் தேடியது. ஆபித் அவன் தொடையை இறுகப் பிடித்தான். "நிறுத்தாதே!"

மரங்கள் தாண்டி வெயில் வந்த பிறகுதான் ஆபித் பேசினான். "சாயபுவோட மருமக வஜீதா. போன வருசம் வீட்லயே குழந்தை பொறந்துச்சு, ரத்தம் நிக்கல. குழந்தைய உட்டுட்டு அவங்கள மட்டும் வேலூருக்குத் தூக்கிக்கினு போனோம். இங்க வந்ததும் தட்னாங்க. புள்ளகிட்ட போவணும், வண்டிய நிறுத்துன்னு அழுதாங்க. சாயபு என் பக்கத்துல உக்காந்துக்கினு நிறுத்தாதேன்னாரு. நான் நிறுத்தல. தட்டிக்கினே வந்தாங்க. இந்த மரமெல்லாம் தாண்டினப்புறம் தட்டல."

"இப்ப நிறுத்தினா இன்னா ஆவும்?"

"தெரியாது. நான் நிறுத்தினதே இல்ல."

மறுவாரம் ஆபித் ரயிலேறிவிட்டான்.

பயந்து பயந்தே கன்னியப்பனுக்குக் கை பழகியது. மாடு மூச்சு வாங்குவதை வைத்தே பாரம் சொன்னவன் அவன். இப்போது கிளச்சை விடும்போதே வண்டியில் எத்தனை பேர் என்று காலுக்குத் தெரிந்தது. சந்தையில் ஆட்டுமந்தைக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு ஒய்யாரமாகப் போனான். மாதனூரில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டுவான். தட்டு கேட்கும். நிறுத்த மாட்டான்.

மழைக்காலத்தில் சாயபுவின் மகள் நசீமுன்னிசா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு சாயங்காலம் அவளுக்கு வலி கண்டு, பார்க்க வந்த மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சாயபு மதராஸில் இருந்தார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பாள். கொண்டுபோக ஊரில் இருந்த ஒரே ஆள் கன்னியப்பன்.

தலையைக் குனிந்தபடி கதவைத் திறந்தான். சாயபுவின் மனைவி முனவ்வர் பேகத்தின் செருப்பு. வேலைக்காரி முனியம்மாவின் வெடித்த கால். நடுவே நசீமுன்னிசாவின் வீங்கிய பாதங்கள், மருதாணிச் சிவப்போடு. மூன்று பேர். 'ஆத்தா, இந்தப் பொண்ண உசுரோட கொண்டு சேத்துடணும்' என்று வேண்டிக்கொண்டு கிளப்பினான்.

மாதனூர் வந்தபோது தூறல். புளியமரங்களுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

ஒரு தட்டு.

கன்னியப்பன் வேகத்தைக் கூட்டினான்.

இன்னொரு தட்டு. கூடவே நசீமுன்னிசாவின் முனகல்.

இது உயிரோடு இருப்பவள் தட்டுவதாக இருந்தால்? ஆபித் நிறுத்தாமல்தானே ஒருத்தி போய்ச் சேர்ந்தாள்? திரும்பிப் பார்க்கவும் முடியாது.

நிறுத்திவிட்டான்.

"அம்மா, தட்னீங்களா?"

"யாரும் தட்டலியே! ஏம்பா நிறுத்தின? போ, போ!" என்று பதறினாள் முனவ்வர் பேகம்.

பின்கதவு திறந்தது. மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"கதவ ஏம்மா தொறந்தீங்க?"

"எந்தக் கதவு?"

கற்பூர வாசனை அடித்தது. அவனுக்குக் கோயில் ஞாபகம் வந்தது, கொஞ்சம் தைரியமாகக்கூட இருந்தது. இறங்க வேண்டியவள் இறங்கிவிட்டாள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு கிளச்சை விட்டான்.

வண்டி நகர முரண்டு பிடித்தது.

இரண்டாவது கியரில் திணறியது. மூன்று பேர் பாரம் எவ்வளவு என்று அவன் காலுக்குத் தெரியும்.

இது மூன்று பேர் பாரம் இல்லை.

வேலூர் வரை அவன் மூச்சு விட்டானா என்பதே அவனுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்து தலையைக் குனிந்தான். செருப்புக் கால் இறங்கியது. வெடித்த கால் இறங்கியது. மருதாணிப் பாதங்கள் தள்ளாடி இறங்கின.

பிறகு இன்னும் இரண்டு பாதங்கள்.

வெளுத்து, ஈரமாக. கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல் சுற்றியிருந்தது.

"முனியம்மா! நாலாவதா ஒருத்தி வர்றா, உள்ள உடாதே!" என்று கத்திக்கொண்டு ஓடினான். பெண்கள் வார்டு. கதவை மூடிய நர்ஸ், "மூணு பேர்தானே வந்தாங்க? குடிச்சிருக்கியா?" என்று அதட்டினாள்.

விடிந்து முனியம்மா வெளியே வந்தாள். "பொழைச்சிட்டாங்கடா. ஆம்பளப் புள்ள. நடுவுல மூச்சே நின்னுபோச்சு, டாக்டரம்மாவே விட்டுட்டாங்க. அப்புறம் தானா கண்ணத் தொறந்தாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வண்டியில கற்பூரம் ஏதாவது வெச்சிருந்தியா? அதெல்லாம் வேணாம். அவங்கள்ல மய்யித்துக்குத்தான், செத்த உடம்புக்குத்தான் கற்பூரம் வெப்பாங்க."

வழியில் ஏறியவள் யார் என்று கன்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பெண் பிழைத்துவிட்டாள். அது போதும் என்று சுவரில் சாய்ந்து அழுதான்.

இரண்டு வாரம் கழித்து அழைத்துப்போக வந்தான். குனிந்து எண்ணினான். மூன்று பேரின் பாதங்கள்தான். வண்டியும் லேசாகக் கிளம்பியது. மாதனூர்ப் புளியமரங்களுக்கு அடியில் தட்டு இல்லை, வாசனை இல்லை. முதல்முறையாக அங்கே நிதானமாக ஓட்டினான். சந்தோஷத்தில் காரணமே இல்லாமல் ஒரு ஹாரன்கூட அடித்தான்.

வீட்டு வாசலில் வஜீதாவின் பெண் குழந்தையை யாரோ நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். 'அம்மி' என்று கூப்பிடத் தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. யாரிடமும் போகாது, நசீமுன்னிசா தொட்டாலே வீறிட்டு அழும்.

நசீமுன்னிசா இறங்கினாள். குழந்தை அவளைப் பார்த்தது. கையை நீட்டிக்கொண்டு, விழுந்து எழுந்து, சிரித்தபடி ஓடிவந்தது.

அவள் அதை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அம்மி வந்துட்டேன் கண்ணு" என்றாள். தலை குனிந்து நின்ற கன்னியப்பனின் காதில் விழும்படிதான் சொன்னாள். "வழியில நிறுத்தவே மாட்டேன்னுட்டாங்க. அதான் இவ்ளோ நாளாச்சு."

முனவ்வர் பேகத்தின் கையிலிருந்த துணிமூட்டை நழுவிக் கீழே விழுந்தது. "நசீமா... உன் புள்ள எங்கடி?"

அவள் இடுப்பில் குழந்தையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

பின்சீட்டில் பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.