காதில் இரண்டு வெட்டு

நான் சாக வேண்டிய நாளன்று காலை ஒன்பது மணிக்கே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டேன். யூனிட் வேன் வந்து ஏற்றிக்கொண்டது. மயிலம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பல வருடமாக மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லில் படப்பிடிப்பு. வேனில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இட்லிக் கேரியரை வைத்திருந்தார்கள். அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான்.

படம் ஒரு பேய்ச் சிரிப்புப் படம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற கொல்லையை அழிக்கிற காட்டுப்பன்றி ஒன்று வெறிபிடித்து ஊருக்குள் புகுந்துவிடும். ஊர் அலற வேண்டும், தியேட்டர் சிரிக்க வேண்டும். அந்தப் பன்றி நான்.

சிரிக்காதீர்கள். பதினெட்டு வருடம் கூட்டத்தில் ஒருத்தியாகவும், கதாநாயகிக்குப் பதில் மாடியிலிருந்து விழுகிறவளாகவும், பிணமாகவும் நடித்தவள் நான். கண்டமங்கலத்துச் சூர்யகலா என்ற பெயர் இதுவரை எந்தத் திரையிலும் வந்ததில்லை. இந்தப் படத்தில் என் பெயர்தான் முதலில் வரும் என்று இயக்குநர் இளவழகன் சொல்லியிருந்தார். பாக்கி ஒரே ஒரு காட்சி. பன்றி சாக வேண்டும். மில்லை எங்களுக்கு அன்று சாயந்தரம் வரைக்கும்தான் விட்டிருந்தார்கள். அதற்குள் முடியாவிட்டால் கம்ப்யூட்டரில் பன்றி செய்து படம் முழுக்க ஒட்டிவிடுவோம், என் பெயருக்கு வேலை இருக்காது என்றும் அவரே சொல்லியிருந்தார்.

மில்லின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பட்டப்பகலில் ராத்திரி செய்திருந்தார்கள். உள்ளே காலை வைத்ததும் பழைய தவிட்டு வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வௌவால் நெடி. மேலே தகரக் கூரை வெயிலில் விரிந்து அவ்வப்போது முனகியது. விளக்கு படாத மூலைகளில் இருட்டு அப்படியே தங்கியிருந்தது, எத்தனை விளக்கு வைத்தும் அது போகவில்லை.

வேஷம் தைக்கிற கோபி புதுத் தலையை எடுத்துவந்தான். அதுவரை நான் போட்டது சணலும் பஞ்சும் வைத்த உடுப்பு. கடைசிக் காட்சியைக் கிட்டத்தில் எடுப்பதால் தலைக்கும் முதுகுக்கும் நிஜத் தோலையே தைத்திருந்தான்.

"காட்டுப்பன்னித் தோலா? எல்லாரும் ஜெயிலுக்குப் போறதுக்கா?" என்றேன்.

"இல்லக்கா. ஊட்டுல வளத்த நாட்டுப் பன்னிதான். ஓடிப்போய் ஏரிக்காட்டுல சுத்திக்கினு இருந்துச்சாம். கொல்லையில எவனோ வச்ச வெடியக் கடிச்சி செத்துடுச்சாம். எடக்காது மட்டும் ரெண்டு எடத்துல கிழிஞ்சிருந்துச்சி. தூண்டி நரம்பு போட்டுத் தச்சிட்டேன், பாரு."

தையல் சுத்தமாகத்தான் இருந்தது. நானும் பாராட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

உடுப்புக்குள் நுழைந்து நாலு காலில் நின்றேன். கைகளில் மரக் குளம்பு. கோபி முதுகில் ஜிப்பை இழுத்து மூடினான். வெளியே பார்க்கப் பன்றியின் வாய்தான் வழி. நாயகன் கோகுலகிருஷ்ணன் பஞ்சு உலக்கையால் மண்டையில் போடுவார். நான் பக்கவாட்டில் சாய்ந்து நாலு காலையும் உதறிச் சாக வேண்டும். பிணமாக விழுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

உலக்கை விழுந்தது. நான் விழவில்லை.

கால் மடங்கவில்லை. முட்டியை மடக்க முழு பலத்தையும் போட்டேன். வெளியிலிருந்து யாரோ இடுப்பைத் தாங்கிப் பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"கலாக்கா, சாவுங்க," என்றார் இளவழகன். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது டேக். மூன்றாவது. ஏழாவது டேக்கில் யாரும் சிரிக்கவில்லை. உடுப்புக்குள் வாசனை மாறியிருந்தது. காலையில் படிகாரமும் மண்ணெண்ணெயும் வீசியது. இப்போது ஈரச் சேறு, கோரைக்கிழங்கு, பச்சை மல்லாட்டை.

அப்புறம் மூச்சு.

என் மூச்சுத்தான் தோலுக்குள் எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். சந்தேகத்துக்கு மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

என் இடது காதுக்குப் பக்கத்தில், மெதுவாக, சூடாக, வந்து போய்க்கொண்டிருந்தது.

ஜிப்பைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன். வெளியே வந்ததும் உடுப்பைத் தரையில் தள்ளினேன். மில்லைப் பெருக்கி யூனிட்டுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்த பவுனு ஒரு தம்ளரை நீட்டினாள். உள்ளூர்க்காரி, என் வயதுதான் இருக்கும். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் பார்த்தது என்னை இல்லை, தரையில் கிடந்த தோலின் காதை. குனிந்து தையலை விரலால் தடவினாள்.

"யக்கா, இதுல ரெண்டு வெட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சி. தச்சிட்டாங்க."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எம்பொண்ணு லாரியில அடிபட்டுக் கெடந்தப்ப ஏரிக்கரைக் காட்டேரியம்மாவுக்கு நேந்துக்கினு உட்ட குட்டி யக்கா இது. ஆத்தாளுதுன்னு தெரியணும்னுதான் காதுல வெட்டு போடுவோம். அந்த வெட்டப் பாத்தா எவனும் தொட மாட்டான். பலி குடுக்கிற அன்னிக்கிகூட நாம பாட்டுக்கு வெட்டிட முடியாது. தலையில தண்ணி ஊத்திக் கேக்கணும். ஒடம்பச் சிலுப்புச்சின்னா சம்மதம். சிலுப்பலன்னா வுட்டுடணும்."

"இத யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. பழத்துல வெடிய வச்சிட்டாங்க. இப்ப காதையும் தச்சி, அவளுதே இல்லன்னு ஆக்கிட்டீங்க."

நான் இளவழகனிடம் போய்ச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கலாக்கா, மணி மூணு. பேஜாரு பண்ணாதீங்க. ஒரே டேக்கு. இல்லன்னா பேக்கப், கிராபிக்ஸ்ல பாத்துக்கிறேன்."

எனக்குப் பயமாக இருந்தது. ஓடிவிடலாம் என்றும் இருந்தது. ஆனால் ஓடினால் பதினெட்டு வருடமும் அந்த மில் வாசலோடு போச்சு. ஆகவே மறுபடி உடுப்புக்குள் நுழைந்தேன். நுழையும்போதே அது எனக்காகக் காத்திருந்தது தெரிந்தது. உள்ளே கதகதப்பாக இருந்தது.

"பவுனு," என்றேன் பன்றியின் வாய் வழியாக. "நான் உள்ள இருக்கேன். தண்ணிய ஊத்து. இப்பயாவது கேளு."

இளவழகன் தலையில் அடித்துக்கொண்டார். யூனிட் ஆட்கள் அவரைப் பார்க்காமல் பவுனுவைப் பார்த்தார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து சொம்பில் தண்ணீரை மொண்டு வந்தாள்.

"தாயே, ஒம் பொருளு. சம்மதம்னா உத்தரவு குடும்மா."

தண்ணீர் விழுந்தது. பிடரி வழியாக உள்ளே இறங்கி என் முதுகெலும்பு நெடுக ஓடியது. ஐஸ் தண்ணீர். எந்த உடம்பும் சிலிர்த்துப்போகும். என் தோல் முழுக்கச் சிலிர்க்கத் துடித்தது.

சிலிர்க்க முடியவில்லை.

மேலிருந்த தோல் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒரு மயிர்கூட அசையவில்லை.

இரண்டாம் சொம்பு. மூன்றாம் சொம்பு.

தகரக் கூரை முனகுவதை நிறுத்தியிருந்தது. சொட்டுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

"குடுக்கல," என்று கிசுகிசுத்தாள் பவுனு.

"போதும். கேமரா ரோல். கோகுல், அடிங்க," என்றார் இளவழகன்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன். விழு என்றார்கள், விழுந்தேன். செத்துப்போ என்றார்கள், செத்தேன். சேற்றில், மொட்டை வெயிலில், ஜுரத்தில். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்குச் சம்மதமா என்று எவனும் கேட்டதில்லை. பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அதையும் கேட்டதில்லை. கேட்டபோது அது முடியாது என்று சொல்லிவிட்டது. சொல்ல முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பயம் போகவில்லை. பயத்தோடுதான் சொன்னேன்.

"தம்பி," என்றேன். அதுவரை இளவழகனை சார் என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறேன். "இது சாவாது. நானும் வுழ மாட்டேன்."

கோகுலகிருஷ்ணன் உலக்கையை ஓங்கினார். நான் முதல் அடியை எடுத்து வைத்தேன்.

இரண்டாவது அடி என்னுடையது இல்லை.

தொண்டையிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. என் தொண்டை மூடியிருந்தது. உலக்கை கீழே விழுந்தது. கோகுலகிருஷ்ணன் அலறியபடி அரவை இயந்திரத்தின் மேல் ஏறினார், அங்கிருந்து மூட்டைக்குத் தாவினார், வேட்டி ஆணியில் மாட்டிக்கொள்ள டிராயரோடு வாசலைத் தேடி ஓடினார். விளக்குகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நான் அவரைத் துரத்தினேனா, என்னைத் தூக்கிக்கொண்டு அது துரத்தியதா, எனக்குத் தெரியாது. எதிரே கறுப்புத் துணி வந்தது. கிழித்துக்கொண்டு வாசலில் போய் நின்றோம். செய்து வைத்த ராத்திரிக்குள் மூன்று மணி வெயில் கொட்டியது.

அங்கே நின்று, அது மட்டும் திரும்பி, கேமராவைப் பார்த்தது.

கேமராக்காரர் பயத்தில் நிறுத்த மறந்திருந்தார். அதுதான் இப்போது படத்தின் முடிவு.

ஜிப்பைத் திறந்து என்னை வெளியே இழுத்தார்கள். கோபி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். தூண்டில் நரம்பு முடிச்சு அவிழாமல் தரையில் கிடந்தது. காதில் இரண்டு வெட்டும் வாயைத் திறந்திருந்தன. பவுனு தோலைப் பிரித்துச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், ஏரிக்கரைக் காட்டேரியிடம் கொண்டுபோய்ப் போட்டாள்.

விழுப்புரத்தில் முதல் காட்சிக்கு நானும் போனேன். கோகுலகிருஷ்ணன் டிராயரோடு ஓடியபோது தியேட்டர் உருண்டு புரண்டு சிரித்தது. பன்றி திரும்பிப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. அப்புறம் விசில். என் பெயர் முதலில் வந்தது, பெரிய எழுத்தில். நான் அழுதேன், அதை மறைக்க மாட்டேன்.

வாசலில் இளவழகன் பிடித்துக்கொண்டார்.

"கலாக்கா, ரெண்டாம் பாகம் கேக்கிறாங்க. ஆனா அதுல பன்னி கட்டாயம் செத்தாகணும்."

"கேட்டுச் சொல்றேன் தம்பி," என்றேன்.

யாரைக் கேட்பேன் என்று அவர் கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை ஓரம் ஒதுங்கினேன். ஒதுங்கியிருந்த எல்லோரும் தோளைக் குறுக்கி நடுங்கிக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத் தகரத்திலிருந்து தண்ணீர் நேராக என் பிடரியில் விழுந்து முதுகு நெடுக இறங்கியது. நான் நகராமல் நின்று, மெதுவாக, "ரெண்டாம் பாகத்துக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

உடம்பு சிலிர்க்கவில்லை. அந்த மில்லிலிருந்து வந்த நாள் முதல் எந்தத் தண்ணீருக்கும் அது சிலிர்த்ததில்லை.

மழை வாசனைக்கு நடுவில் பச்சை மல்லாட்டை மணத்தது. என் இடது பக்கத்தில் நின்றிருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.